லூசி ப்ரோன்ஸ்: ஒரு பின்கள வீராங்கனையின் தொழில்வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூசி ப்ரோன்ஸ் யார்?

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டியுள்ள பெரிக்-அபான்-ட்வீட் என்னும் ஊரில் 1991 அக்டோபர் 28 அன்று பிறந்தவர். தந்தை போர்ச்சுகலைச் சேர்ந்தவர், தாய் ஆங்கிலேயர். 2013 முதல் இங்கிலாந்து தேசிய அணியின் வலப்பக்கப் பின்களத்தில், அதாவது ரைட் பேக் இடத்தில், நூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடியிருக்கிறார். நாட்டுக்காக 2022, 2025 ஆகிய இரண்டு மகளிர் யூரோ கோப்பைகளையும் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி), கிளப் அளவில் ஐந்து சாம்பியன்ஸ் லீக் பட்டங்களையும் (ஐரோப்பாவின் சிறந்த கிளப்களுக்கான போட்டி) வென்றவர். இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் என மூன்று நாடுகளின் லீக் பட்டங்களும் அவரிடம் உள்ளன.

இத்தனை பட்டங்களைவிட எங்கள் கவனத்தை ஈர்ப்பது அவர் எடுத்த முடிவுகள்தாம். ஓர் இடத்தில் வென்று நிலைபெற்ற பிறகு, அதைவிடக் கடினமான இடத்தைத் தேடி அவர் மீண்டும் மீண்டும் கிளம்பியிருக்கிறார். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்தையும், அதற்காக அவருடைய உடல் கொடுத்த விலையையும் பற்றியவை.

ரைட் பேக் களத்தில் என்ன செய்கிறார்? தடுப்பது மட்டும்தானா அவர் வேலை?

கோல்கீப்பருக்கு முன்னால் வழக்கமாக நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். நடுவில் நிற்கும் இருவர் சென்டர் பேக்குகள். வலது ஓரத்தைக் காப்பவர் ரைட் பேக். எதிரணியின் இடது விங்கரை, அதாவது இடது ஓரமாக முன்னேறித் தாக்குபவரை, நேருக்கு நேர் சந்திப்பது அவர் பொறுப்பு. எதிரணியில் மிக வேகமானவரும், பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றத் தெரிந்தவரும் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆடுவார். அவரிடமிருந்து பந்தைப் பறிக்க அவசரப்பட்டுப் பாய்ந்து தவறினால், பின்னால் திறந்த வெளிதான் இருக்கும். ஆகவே நல்ல ரைட் பேக் பாதி நேரம் பந்தைத் தொடுவதே இல்லை. உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கோல் பக்கம் உள்ளே வரும் வழியை அடைத்து, எதிராளியை எல்லைக்கோட்டை நோக்கியே நகர்த்திக்கொண்டு போவார். எதிராளி பந்தைக் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிவிடும் நொடிக்காகக் காத்திருந்து, அப்போதுதான் கால் வைப்பார்.

தன் அணியிடம் பந்து வந்தவுடன் வேலை தலைகீழாக மாறுகிறது. முன்னால் இருக்கும் தன் அணி விங்கர் உள்ளே நகர, ரைட் பேக் அவரைக் கடந்து ஓரமாக ஓடி, எதிரணியின் கோல் கோட்டருகே சென்று பந்தைப் பெட்டிக்குள், அதாவது கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள், அனுப்ப வேண்டும். பந்து பறிபோனால் அதே தூரத்தைத் திரும்பவும் ஓடிக் கடக்க வேண்டும். தொண்ணூறு நிமிடமும் இதுதான் நடக்கும். லூசியைத் தனித்துக் காட்டுவது இந்த இரு வேலைகளையும் ஒரே வேகத்தில் செய்யும் ஆற்றல்தான். அவர் முன்னேறி ஆடுவதால், அவரைத் துரத்திக்கொண்டு எதிரணி விங்கரே தன் கோல் பக்கம் பின்வாங்க நேர்கிறது. அதுவும் ஒரு வகைத் தடுப்பாட்டம்தான். எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அது சரியாகப் பதிவாவதில்லை.

அவர் கால்பந்தை எங்கே கற்றார்?

சிறுவயதில் சில ஆண்டுகள் அவர் குடும்பம் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் வாழ்ந்தது. கடல் ஏற்றத்தின்போது நிலத்தோடு இணைக்கும் பாதை நீரில் மூழ்கிவிடும் சிறு தீவு அது. பின்னர் ஆன்விக் ஊரில், அண்ணன் தோழர்களோடு சேர்ந்து ஆண் பிள்ளைகள் அணியில் ஆடினார்.

12 வயதில் அந்த வழி அடைபட்டது. அந்த வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளோடு ஒரே அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய இங்கிலாந்து கால்பந்துச் சங்க விதி. அவ்வயது வரம்பு பிற்காலத்தில் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அணியில் யாரும் அவரைக் குறைவாக எண்ணவில்லை; ஆட்டத்திலும் அவர் பின்தங்கவில்லை. விதி ஒன்றே அவரை வெளியேற்றியது. இதே சங்கம் 1921இல் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் கால்பந்து ஆடுவதற்கே தடை விதித்து, அதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடிக்கவிட்டது என்பதை நினைவிற்கொண்டால், 2000களின் தொடக்கத்தில் ஒரு சிறுமி அருகில் பெண்கள் அணி தேடி ஊர் ஊராக அலைய நேர்ந்தது ஏன் என்பது விளங்கும். பிளைத் டவுன் பெண்கள் அணி வழியாக அவர் சண்டர்லாண்ட் கிளப்பின் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். ஸ்டெஃப் ஹூட்டன், ஜில் ஸ்காட், ஜோர்டன் நாப்ஸ் என இங்கிலாந்து அணிக்குப் பல பேரைத் தந்த இடம் அது. 2009இல், 17 வயதில், அதே சங்கம் நடத்தும் மகளிர் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆர்சனலுக்கு எதிராகக் களமிறங்கினார்; சண்டர்லாண்ட் 2–1 எனத் தோற்றது.

பிறகு அமெரிக்காவுக்குச் சென்றது ஏன்?

அன்று பெண்களுக்கு முறையான, உயர்தரமான அன்றாடப் பயிற்சி கிடைத்த இடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தாம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், பெண்கள் கல்லூரிக் கால்பந்தில் பெயர்பெற்ற பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸின் அணியில் சேர்ந்து, 2009இல் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றார். ஓராண்டுக்குப் பின் நாடு திரும்பினார்.

தொடக்கத்திலேயே கால்பந்து அவருக்குச் சம்பளம் தந்ததா?

வாழ்க்கை நடத்துமளவுக்குத் தரவில்லை. 2010இல் எவர்டனில் சேர்ந்தபோது அவர் லீட்ஸ் நகரில் பல்கலைக்கழக மாணவி. கால்பந்து வருமானம் போதாததால் டாமினோஸ் பீட்சா கடையில் வேலை பார்த்தார். பயிற்சிக்காக லீட்ஸிலிருந்து லிவர்பூல் பக்கம் போய்வந்தார். இடையிடையே முழங்காலில் அறுவை சிகிச்சைகளும் நடந்தன. பிற்காலத்தில் உலகின் சிறந்த வீராங்கனை என அறிவிக்கப்பட்ட ஒருவர், இருபது வயதையொட்டிய நாட்களில், காயத்திலிருந்து மீண்டுவருவதற்கான நேரத்தைக்கூடக் கடை வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் ஒதுக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் மகளிர் சூப்பர் லீக் 2011இல்தான், எட்டு அணிகளோடு தொடங்கியது. அப்போதும் பெரும்பாலான வீராங்கனைகள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். முதல் பிரிவு முழுவதுமாக முழுநேரத் தொழில்முறை லீக்காக மாறியது 2018இல். ஆகவே லூசியின் தலைமுறை இந்தத் தொழிலில் சேர்ந்தது என்று சொல்வதைவிட, இந்தத் தொழில் உருவானபோது அதன் உள்ளே இருந்தது என்று சொல்வதே பொருந்தும்.

லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி காலத்தில் என்ன நடந்தது?

எவர்டன் அப்போது லீக்கின் முன்னணி அணிகளில் ஒன்று. அதன் பக்கத்து வீட்டுப் போட்டியாளரான லிவர்பூல், சூப்பர் லீக்கின் முதல் இரு பருவங்களிலும் கடைசி இடத்தில் முடித்த அணி. லூசி 2013 பருவத்துக்கு முன்பாக அந்தக் கடைசி இடத்து அணிக்கு மாறினார். அவ்வாண்டே லிவர்பூல் பட்டம் வென்று, அதற்கு முன் தொடர்ந்து ஒன்பது முறை லீக்கை வென்றிருந்த ஆர்சனலின் ஆட்சியை முடித்துவைத்தது. 2014இல் கடைசி நாள்வரை மூன்று அணிகளுக்கு வாய்ப்பிருந்த போட்டியில், செல்சியோடு புள்ளிகளில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் லிவர்பூல் மீண்டும் வென்றது. அந்த ஆண்டுக்கான தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தின் சிறந்த வீராங்கனை விருது லூசிக்குக் கிடைத்தது. சக வீராங்கனைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது அது. ஓரத்தில் ஆடும் ஒரு பின்கள ஆட்டக்காரரின் அருமை அவரை எதிர்த்து ஆடியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இரு முறை சாம்பியனான அணியை விட்டு, அப்போதுதான் முதல் பிரிவில் கால்வைத்திருந்த மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 2016இல் சிட்டி ஒரு லீக் போட்டியில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. 2017 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பர்மிங்காமை 4–1 என வென்றபோது முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் லூசி.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது லியோனுக்குப் போனது ஏன்?

அங்கே உலகின் மிகச் சிறந்த அணி இருந்தது என்பதே காரணம். 2017 கோடையில் அவர் சேர்ந்தபோது ஒலிம்பிக் லியோன் தொடர்ந்து இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருந்தது. அடா ஹெகர்பெர்க், யூஜெனி லெ சொம்மெர், ஜெனிஃபர் மரோஜான், வெண்டி ரெனார் என அணிப் பட்டியலே ஓர் உலக அணியைப் போல இருந்தது. மகளிர் அணிக்காக நீண்ட காலம் தொடர்ந்து செலவிட்ட கிளப் அது. இங்கிலாந்தில் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் ஒரு ரைட் பேக்குக்கு உண்மையான சோதனை வரும். லியோனில் அந்தச் சோதனை வார நாள் பயிற்சியிலேயே இருந்தது. ஏனெனில் உலகின் தலைசிறந்த முன்கள வீராங்கனைகள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள்.

முதல் ஆண்டே விதி அவரைப் பழைய வீட்டுக்கு எதிராக நிறுத்தியது. 2018 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லியோனும் மான்செஸ்டர் சிட்டியும் மோதின. மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. லியோனில் நடந்த இரண்டாவது ஆட்டத்தின் ஒரே கோல் லூசியுடையது: பெட்டியின் விளிம்பருகே தன்னிடம் வந்த பந்தைத் தரையில் இறங்கவிடாமல் அந்தரத்திலேயே உதைத்து வலைக்குள் அனுப்பினார். இரு ஆட்டங்களிலுமாகச் சேர்த்து விழுந்த ஒரே கோல், ஒரு பின்கள வீராங்கனையின் காலிலிருந்து, அவருடைய முன்னாள் அணிக்கு எதிராக வந்தது. அதன்பின் கீவ் (2018), புடாபெஸ்ட் (2019), சான் செபாஸ்தியான் (2020) ஆகிய நகரங்களில் நடந்த மூன்று இறுதிப் போட்டிகளையும் லியோன் வென்றது. மூன்று பிரெஞ்சு லீக் பட்டங்களும் அதே ஆண்டுகளில் வந்தன.

பின்கள வீராங்கனைக்கு உலகின் சிறந்த வீராங்கனை விருது கிடைப்பது அவ்வளவு அரிதா?

ஆம், மிக அரிது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஆண்டுதோறும் வழங்கும் சிறந்த வீராங்கனை விருது 2001இல் தொடங்கியதிலிருந்து முன்கள, நடுக்கள வீராங்கனைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. 2013இல் ஜெர்மனியின் நாடின் ஆங்கெரெர் என்ற கோல்கீப்பருக்கு ஒருமுறை கிடைத்தது. ஆக, கோல்கீப்பருக்குக்கூடக் கிடைத்த விருது, பின்கள ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் இருந்த மூவரில் லூசியும் வெண்டி ரெனாரும் பின்கள வீராங்கனைகள். மூன்றாமவர் டென்மார்க்கின் பெர்னில் ஹார்டர். அதற்கு முந்தைய ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருதையும் லூசி பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பின்கள வீராங்கனையும், முதல் ஆங்கிலேய வீராங்கனையும் அவரே. உலகின் சிறந்த வீராங்கனைக்கான மற்றொரு விருதான பலோன் டி'ஓரின் 2019 வாக்கெடுப்பில் அமெரிக்காவின் மேகன் ரபினோவுக்கு அடுத்த இடம் கிடைத்தது.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். லூசிக்கு விருது கிடைத்ததில் அவர் போட்ட கோல்களுக்கும் முன்னேறி ஆடிய ஓட்டங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பின்களத்தின் நடுவில் நின்று, கோல் போடாமல், தவறு செய்யாமல், பதினைந்து ஆண்டுகள் ஆடும் சென்டர் பேக்குக்கு வாக்களிக்கும் கண் இன்னும் பழகவில்லை. எட்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை ஒரே கிளப்பில் வென்ற ரெனாருக்கு அந்த உயர் விருது ஒருமுறைகூடக் கிடைக்காதது எங்கள் பார்வையில் நியாயமில்லை.

இங்கிலாந்துக்காக அவர் போட்ட முக்கிய கோல்கள் எவை?

2015 உலகக் கோப்பை கனடாவில் நடந்தது. அதுவரை இங்கிலாந்து மகளிர் அணி உலகக் கோப்பையின் வெளியேற்றச் சுற்றில் ஒரு போட்டியைக்கூட வென்றதில்லை. நார்வேக்கு எதிராகப் பின்தங்கி, ஹூட்டனின் கோலால் சமன் செய்த பின், 76ஆம் நிமிடத்தில் ஜில் ஸ்காட் தட்டிக்கொடுத்த பந்தை லூசி தொலைவிலிருந்து வலைக்குள் அடித்தார். காலிறுதியில், வான்கூவரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கனடா ரசிகர்கள் முன்னிலையில், அவர் தலையால் முட்டிப் போட்ட கோலே வெற்றிக் கோலானது. இங்கிலாந்து அந்தத் தொடரில் மூன்றாம் இடம் பெற்றது.

2019 உலகக் கோப்பைக் காலிறுதியில், பிரான்சின் லெ ஆவ்ர் நகரில், மீண்டும் நார்வே. மூன்றாவது நிமிடத்திலேயே வலது ஓரத்தில் கோல் கோடுவரை ஓடி அவர் பின்னோக்கித் தந்த பந்திலிருந்து ஸ்காட் முதல் கோலைப் போட்டார். 57ஆம் நிமிடத்தில், ஃப்ரீ கிக்கைப் பெட்டிக்குள் தூக்காமல் பெத் மீட் தரையோடு உருட்டிவிட, பெட்டிக்கு வெளியே காத்திருந்த லூசி அதை நிறுத்தாமலே அடித்தார். பந்து வலையின் மேல்பகுதியில் பாய்ந்தது. 2022 யூரோ அரையிறுதியில் ஷெஃபீல்டில் ஸ்வீடனை 4–0 என வென்றபோது இரண்டாவது கோல் அவருடையது. ஐந்து நாள் கழித்து வெம்ப்ளியில், 87,192 பேர் முன்னிலையில், ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 2–1 என வென்று இங்கிலாந்து முதல் முறையாக யூரோ கோப்பையைப் பெற்றது.

பார்சிலோனாவில் எப்படி ஆடினார்?

2020இல் மான்செஸ்டர் சிட்டிக்குத் திரும்பி இரு பருவங்கள் ஆடியபின், 2022இல் பார்சிலோனாவுக்குப் போனார். அப்போது அவருக்கு 30 வயது. பந்தைச் சிறுசிறு பாஸ்களாகக் கைமாற்றிக்கொண்டே ஆடும் அந்த அணியில், வேகத்தையும் உடல் வலிமையையும் நம்பி ஆடியவர் புதிதாகக் கற்க வேண்டியவை நிறைய இருந்தன. எப்போது ஓடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. இரு பருவங்களில் இரண்டு ஸ்பானிய லீக் பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களும் வந்தன. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லியோனுக்காக ஆடிப் பார்சிலோனாவை வென்றவர், 2024 மே 25 அன்று பில்பாவோவில் நடந்த இறுதிப் போட்டியில் பார்சிலோனாவுக்காக ஆடி லியோனை 2–0 என வென்றார்.

அவர் தவறே செய்ததில்லையா?

செய்திருக்கிறார், அதுவும் மிகப் பெரிய மேடைகளில். முன்கள வீராங்கனை ஐந்து வாய்ப்புகளை வீணாக்கி ஆறாவதைக் கோலாக்கினால் அன்றைய நாயகி அவர்தான். பின்கள வீராங்கனை எண்பத்தொன்பது நிமிடம் சரியாக ஆடி ஒரு நிமிடம் தவறினால் அந்த நிமிடமே நினைவில் நிற்கும். 2015 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசிக் கணங்களில், ஜப்பானிய வீராங்கனைக்குப் போகவிருந்த பந்தைத் தடுக்கப் பாய்ந்த இங்கிலாந்தின் பின்கள வீராங்கனை லாரா பாசெட்டின் காலில் பட்டு அது சொந்த கோலானது. சரியான இடத்தில் நின்று சரியான முடிவையே அவர் எடுத்திருந்தார். இருந்தும் அந்தத் தோல்வி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

லூசிக்கு 2023இல் ஒரே கோடையில் இரண்டு முறை அப்படி நேர்ந்தது. ஜூன் 3 அன்று ஐந்தோவனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில், வொல்ஃப்ஸ்பர்க்கின் ஈவா பயோர் அவர் காலிலிருந்து பந்தைப் பறித்து நேராகக் கோலடித்தார். பார்சிலோனா இரண்டு கோல் பின்தங்கிப் பிறகு 3–2 என வென்றதால் அது மன்னிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில், ஸ்பெயினுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியில், அப்படி மீள முடியவில்லை. அன்று இங்கிலாந்து பின்னால் மூவரை வைத்து ஆடியதால் வலது ஓரம் முழுவதும் லூசியின் பொறுப்பு. 29ஆம் நிமிடத்தில் அவர் பந்தோடு ஓரத்தை விட்டு ஆடுகளத்தின் நடுப்பகுதிக்குள் ஓடினார். அங்கே ஸ்பெயின் வீராங்கனைகள் சூழ்ந்து பந்தைப் பறித்தார்கள். உடனே பந்து இங்கிலாந்தின் வலப்புறத்துக்கு, அதாவது லூசி விட்டுவந்த வெற்றிடத்துக்கு மாற்றப்பட்டது. மரியோனா கல்தென்தேய் கொடுத்த பந்தை ஓல்கா கர்மோனா இடது காலால் தூர மூலைக்குள் அடித்தார். 1–0, அதுவே இறுதி முடிவு. கல்தென்தேய் அப்போது லூசியின் பார்சிலோனா சகவீராங்கனை.

அவருடைய ஓட்டம் தவறு என்று பலர் எழுதினார்கள். எங்கள் கருத்து சற்று வேறு. அதே ஓட்டம்தான் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இங்கிலாந்துக்குப் பல வெற்றிகளைத் தந்தது. அவர் நகர்ந்த இடத்தை வேறொருவர் உடனே நிரப்பும் ஏற்பாடு அன்று அணியில் இல்லை. அந்தப் பொறுப்பு ஒரு வீராங்கனையோடு முடிவதில்லை.

காயங்கள் அவரை எவ்வளவு பாதித்தன?

நிறையவே. முழங்காலில் அவருக்குப் பல அறுவை சிகிச்சைகள் நடந்துள்ளன. முதல் சில, தொழில்முறை வாழ்க்கை சரியாகத் தொடங்கும் முன்பே வந்தவை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்காக ஆடிய பிறகும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தார். முழுவேகத்தில் ஓடி, திடீரென நின்று, எதிராளி திரும்பும் பக்கம் தானும் திரும்புவது ரைட் பேக்கின் அன்றாட வேலை. அதன் சுமை முழுவதும் முழங்காலில்தான் இறங்குகிறது. முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண் ஆட்டக்காரர்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. இருந்தும் நெடுங்காலம் பெண்கள் ஆண்களுக்காக வடிவமைத்த காலணிகளையும் பயிற்சித் திட்டங்களையுமே பயன்படுத்திவந்தார்கள்.

2025 யூரோ கோப்பையை உடைந்த காலோடு ஆடினார் என்பது உண்மையா?

உண்மைதான். ஜூலை 27 அன்று பாசலில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்பெயினை இங்கிலாந்து பெனால்டி ஷூட் அவுட்டில் வென்றபின், தொடர் முழுவதையும் கீழ்க்கால் எலும்பில் முறிவோடு ஆடியதாக அவரே தெரிவித்தார்.

அந்தத் தொடரின் காலிறுதியை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் வியப்பளிக்கிறது. ஸூரிக்கில் ஸ்வீடன் 25 நிமிடங்களுக்குள் இரண்டு கோல் போட்டிருந்தது. 79ஆம் நிமிடத்தில் கிளோயி கெல்லி இடப்புறமிருந்து தூக்கிய பந்துக்கு, தொலைவான கம்பத்தருகே லூசி தலை கொடுத்தார்; குறுகலான கோணத்திலிருந்து அது உள்ளே போனது. இரண்டு நிமிடத்தில் மிஷெல் அஜெமாங் சமன் செய்தார். தொடை வலித்தபோது லூசி தாமே கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் இரு தரப்பும் மாறி மாறித் தவறவிட்டன. ஏழாவது சுற்றில் வந்த லூசி கோல்கீப்பரை ஏமாற்றும் நுணுக்கம் எதையும் நாடாமல், நடுவாக, முழு பலத்தோடு அடித்தார். ஸ்வீடனின் அடுத்த உதை வெளியே போக, 3–2 என இங்கிலாந்து முன்னேறியது.

இந்தத் துணிவை நாங்கள் போற்றுகிறோம். அதே சமயம், இதை இளம் வீராங்கனைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்ல மாட்டோம். தன் உடலைப் பல ஆண்டுகளாக அறிந்த, மருத்துவக் குழு உடனிருந்த, 33 வயதுக்காரர் எடுத்த முடிவு அது. பள்ளி அணியில் ஆடும் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் காலில் தொடர்ந்து வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஆட்டிசம் பற்றி அவர் பேசியது என்ன?

தமக்கு ஆட்டிசமும், கவனத்தை ஒருமுகப்படுத்துவதைக் கடினமாக்கும் ஏடிஹெச்டியும் இருப்பது 2021இல் கண்டறியப்பட்டதாக 2025 மார்ச்சில் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். பிறரோடு கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவது கடினமாக இருந்ததையும், கால்பந்தில் ஒன்றிப்போகும் தம் இயல்பு ஆட்டத்துக்கு உதவியதையும் சொன்னார். இதைப் பற்றிப் பேசினால் மற்றவர்களுக்கு உதவும் என்பதே அவர் நோக்கம்.

இத்தனை முறை கிளப் மாறுவது விசுவாசமின்மை ஆகாதா?

இந்தக் கேள்வி பெண்கள் கால்பந்தின் நடைமுறையை அறியாமல் கேட்கப்படுவது. அவர்களுடைய ஒப்பந்தங்கள் நெடுங்காலம் குறுகியவையாகவே இருந்தன. பெரும் மாற்றுத் தொகை கைமாறுவதும் அண்மைக் காலம்வரை அரிது. 2020இல் லியோனையும், 2022இல் சிட்டியையும், 2024இல் பார்சிலோனாவையும் விட்டு அவர் வெளியேறியது ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான். வெண்டி ரெனார் போல 2006 முதல் ஒரே கிளப்பில் ஆடுவதும் ஒரு சிறப்பு. ஆனால் ரெனாருக்கு வாய்த்தது உலகின் சிறந்த கிளப். ஆன்விக்கிலிருந்து வந்தவர் அதைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது.

செல்சியில் அவர் என்ன சாதித்தார்?

2024 கோடையில், 32 வயதில், செல்சியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே அந்த அணி லீக்கில் ஒரு தோல்வியும் இன்றிப் பட்டம் வென்றதோடு எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை இரண்டையும் சேர்த்து வென்றது. 2025 ஏப்ரல் 30 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என வென்று லீக் பட்டத்தை உறுதிசெய்த போட்டியின் ஒரே கோல், கார்னர் கிக்கிலிருந்து லூசி தலையால் முட்டியது. லிவர்பூல், சிட்டி, செல்சி என மூன்று அணிகளோடு அவர் இங்கிலாந்து லீக்கை வென்றிருக்கிறார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்துக் கற்க விரும்புபவர் எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம்?

2019 உலகக் கோப்பையின் நார்வே காலிறுதியிலிருந்து தொடங்கலாம். கோல் தொகுப்பை மட்டும் பார்க்காமல் முழுப் போட்டியையும் பாருங்கள். முதல் பாதி முழுவதும் பந்தை விட்டுவிட்டு லூசியையே கவனியுங்கள். இடப்புறத்தில் ஆட்டம் நடக்கும்போது அவர் எவ்வளவு உள்ளே நகர்ந்து நிற்கிறார், பந்து தன் பக்கம் மாறும் என்பதை எத்தனை நொடி முன்பே உணர்ந்து நடக்கத் தொடங்குகிறார், ஓடிப்போய்த் திரும்பும்போது தோளுக்கு மேலாக எத்தனை முறை பின்னால் பார்க்கிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும். அதன் பிறகு 2023 இறுதிப் போட்டியின் முதல் முப்பது நிமிடங்களைப் பாருங்கள். அதே ஓட்டத்தை எதிர்பார்த்து வைத்திருந்த அணி அதற்கு எப்படி வலை விரித்தது என்பதை அங்கே காணலாம்.